மெட்டில் இல்லாத பெயர்

“முனியாண்டீ… தே தாரேக் தீகா… ரொட்டி கோசோங் டுவா… மீ கோரெங் சாத்தூ!”

கடையின் நடுத்தூணில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, சைபுதீன் பாய் பாடி முடிக்கிறார். மூன்று தேநீர், இரண்டு ரொட்டி, ஒரு மீ. தண்ணி கலக்கும் மேடையில் முனியாண்டி ஏற்கெனவே குவளையைத் தூக்கிவிட்டார். ஆர்டர் கொடுத்த லாரிக்காரர் இந்தப் பாதைக்குப் புதியவர் போலிருக்கிறது. “தண்டாஸ் எங்க பாய்?” என்று கழிவறைக்கு வழி கேட்கிறார். பாய் கண்ணைத் திறக்கிறார். உதடுகள் கூடிப் பிரிகின்றன. நெற்றி வேர்க்கிறது. கடைசியில் வந்து விழுவது, “கோப்பி ஓ.”

“கோப்பி வேணாம் பாய். தண்டாஸ், தண்டாஸ்.”

“கோப்பி ஓ!” என்று பாய் அதட்டுகிறார், பின்கட்டைக் கையால் காட்டி. கை சரியான இடத்தைத்தான் காட்டுகிறது. வாய்தான் வேறெங்கோ போய்விடுகிறது. லாரிக்காரர் பாயையும் பின்கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முனியாண்டியிடம் ஒரு கோப்பியும் சொல்லிவிட்டுப் போகிறார்.

பெடாஸிலிருந்து தம்பினுக்குப் போகிற சாலையில், செம்பனைத் தோட்டத்து மண்பாதை வந்து சேர்கிற முனையில் இருக்கிறது இந்தக் கடை. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் வரை இந்தக் கடைதான் எனக்கு வீடு. பாய்க்கு அறுபது தாண்டிவிட்டது. கட்டம்போட்ட சாரம், வெள்ளைத் தொப்பி, தோளில் எப்போதும் ஒரு துண்டு. வலது கை இப்போது சொன்னபடி கேட்பதில்லை. மற்றபடி ஆள் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறார்.

இங்கே ஆர்டரை எழுதுகிற வழக்கமே கிடையாது. பாய் பாடுவார், முனியாண்டி கலக்குவார், உள்ளே பாயின் மனைவி ஹபீபுன்னிசா அக்கா வறுப்பார். அந்த மெட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ‘சாத்து’வில் வந்து இறங்கினால்தான் அது அடங்கும். சாத்து என்றால் மலாயில் ஒன்று. எதை ஒன்று மட்டும் கேட்டார்களோ அதைப் பாய் கடைசிக்குத் தள்ளிவிடுவார். எல்லாமே இரண்டிரண்டாகக் கேட்டுத் தொலைத்தால்? மெட்டை அந்தரத்தில் விட அவருக்கு மனசு வராது. “தே ஓ சாத்தூ!” என்று தன் கணக்கில் பாலில்லாத தேநீர் ஒன்றைச் சேர்த்துவிடுவார். அதை அவரேதான் குடித்தாக வேண்டும். சீனி தாராளமாகப் போட்டது.

“அந்தச் சாத்து தேத்தண்ணிதாண்ணே இவர சாச்சிருச்சு” என்பார் ஹபீபுன்னிசா அக்கா. “பாட்டு முடியணும்னு குடிச்சாரு. ஒடம்புல சீனி ஏறிப்போச்சு.”

மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவர் சின்ன வயசில் ஊரில் ஓதிய மவ்லூது ராகம் அது என்பது அக்காவின் கட்சி. “போங்கக்கா, தம்பின் பாசார்ல மீன் விக்கிறவன் போடுற சத்தம் லா இது” என்பார் முனியாண்டி. எனக்கோ அது ஏதோ பழைய சினிமாப் பாட்டின் சரணம் போலவே கேட்கும், எந்தப் பாட்டு என்று மட்டும் பிடிபடாது. பாயையே கேட்டிருக்கலாம். பேச்சு இருந்த காலத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முந்தின வருஷ நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கிற கூட்ட நேரத்தில், பாய் இதே தூணடியில் சரிந்தார். சிரம்பானில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிர் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. எல்லாம் புரிகிறது, எதையும் சொல்ல வராது. தண்ணீர் வேண்டுமென்றால் “பங்குஸ்” என்பார். பொட்டலம் கட்டு என்கிற அந்த ஒன்றுதான் அன்றைக்கு அவரிடம் மிச்சமிருந்த சொல். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வீட்டுக்கு வந்து பல வாரம் கடையின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள், ஒரு பொம்மையை வைத்ததுபோல.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. பழக்குலை ஏற்றுகிற ஆட்கள் ஒரு மேசை நிறைய வந்து ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். முனியாண்டி, “என்னா லா, ஒவ்வொருத்தரா சொல்லுங்க, ஒண்ணும் வெளங்கல!” என்று திணறிக்கொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து பாய் முழு ஆர்டரையும் பாடினார். ஒரு குவளை விடாமல், கூராங் மானிஸ் கேட்டவருக்குச் சீனி குறைத்து, கடைசியில் சாத்து வரை. முனியாண்டியின் கையிலிருந்து கொதிநீர்ச் சட்டி விழுந்து கால் வெந்தது. வெந்த காலோடு அவர் “அக்கா! அக்கா! பாய் பாடிட்டாரு!” என்று நொண்டிக்கொண்டு உள்ளே ஓடினார். அக்கா வந்து, “என்னாங்க, என்னா சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க” என்று கெஞ்சினார். பாய் வாயைத் திறந்தார். “பங்குஸ்.”

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண், பேச்சு மூளையில் ஒரு பக்கம், பாட்டு பெரும்பாலும் வேறு பக்கம் என்று அக்காவுக்கு விளக்கினாளாம். பேச்சுப் பக்கம் அடிபட்டவர்களில் சிலர் பாட்டு வழியாகச் சொற்களை எடுத்து வருவார்களாம், பாட விடுங்கள் என்றாளாம். அக்கா என்னிடம் வந்து, “அண்ணே, நீங்க எழுதுற ஆளாச்சே, வெளங்குதா?” என்றார். எனக்கு விளங்கவில்லை. ரொட்டி கோசோங் பேச்சா, பாட்டா? அது எந்தப் பக்கம்? அன்று முழுக்கப் பேருந்து ஓட்டும்போது இதையே யோசித்து, ஒரு பிள்ளையை அவள் வீட்டு வாசலைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டேன்.

பாய் திரும்பவும் தூணுக்கு வந்தார். அக்கா கெட்டிக்காரி. ஆர்டர் மெட்டில் வேறு சொற்களையும் மாட்டிவிட்டார். “நிசா… தலைவலி… மாத்திரை சாத்தூ!” என்று அவர் பாடிய நாளில் அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பசி, குளிர், மழை, கோபம். எல்லாவற்றுக்கும் வால் மட்டும் அதே வால். “நிசா… நல்லா இருக்கேன்… சாத்தூ!”

“நல்லா இருக்கேன்னு சொல்றது அவரா, இல்ல அந்த மெட்டா?” என்று அக்கா ஒருநாள் கேட்டார். “என்னக் கட்டுனதுல ஒங்களுக்கு எப்பவாச்சும் வருத்தமான்னு கேட்டேண்ணே. ‘இல்லே சாத்தூ’ன்னாரு. நான் அத எப்டி எடுத்துக்க?” அக்கா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வந்த பிறகும் ஒன்று மட்டும் வரவில்லை. மகளின் பெயர்.

ஃபஸீஹா ஒரே பிள்ளை. சிரம்பானில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். “எம் மவ மேல எண்ணெ வாட படக் கூடாது” என்று பாய் அவளைக் கடைப்பக்கமே விட்டதில்லை. விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். விடுமுறைக்கு வந்தால்கூடப் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். நிசாவின் பெயரும் முனியாண்டியின் பெயரும் தினம் நூறு தடவை மெட்டில் ஏறிய பெயர்கள். ஃபஸீஹா என்ற பெயர் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அவள் வந்து நின்றால் பாயின் முகம் மலரும், கை நீளும், வாய் “ரொட்டி தெலோர்” என்னும். அவளும் “சொல்லுங்க வாப்பா” என்பாள். அந்தப் பிள்ளை அதற்குப் பழகிக்கொண்டதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நிலைமையில் அவளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை ஹைகல், பாரோயில் டயர் கடை வைத்திருக்கிறவர், தங்கமான பையன். நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இன்ன பெயருள்ள என் மகளை உனக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். முடியாதவர்கள் அந்தப் பொறுப்பை நிக்காஹ் நடத்திவைக்கிற உஸ்தாஸிடம் ஒப்படைக்கலாம், எத்தனையோ பேர் ஒப்படைக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா அதைத்தான் விரும்பினார். “நாலு பேரு முன்னுக்கு பாட்டா படிப்பாரு? வேணாம் லா, மானம் போயிரும்.”

பாய் எழுந்து போய்த் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “நான்… சொல்வேன்… நான்தான் சாத்தூ!” என்று பாடினார். தாய்மாமா பேந்தப் பேந்த விழித்தார். அப்படிப் பாடிய மனிதருக்கு மகளின் பெயரே வராது என்று அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

தமிழ் தெரிந்த உஸ்தாஸ் ஒருவர் தம்பினிலிருந்து வந்தார். நிதானமான மனிதர். பாயைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். “எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், வார்த்த தெளிவா இருந்து ரெண்டு சாட்சியும் கேட்டா போதும். இழுத்து சொன்னா பரவால்ல. ஆனா பேரு சரியா வரணும். கடைசி வார்த்தையோட நிக்கணும். அதுக்கப்புறம் அந்த… அது என்னா, சாத்து… அது வந்துச்சுன்னா என்னா சொல்றதுன்னு எனக்கே தெரியாது.”

யோசனை முனியாண்டிக்குத்தான் வந்தது. “பேரு மெட்டுல ஏறலன்னா, ஏத்திர வேண்டியதுதானே. தங்கச்சி வந்து தண்ணி கலக்கட்டும். பாய் கூப்பிட்டுத்தானே ஆவணும்?”

ஃபஸீஹா லீவு போட்டுவிட்டு வந்தாள். தலையில் முக்காட்டை இறுக்கி ஊசி குத்தி, முனியாண்டியின் மேடையில் ஏறி நின்றாள். முதல்முறையாக அவள் மேல் எண்ணெய் வாடை பட்டது. அவள் கலக்கிய தேநீரைப் பற்றி என்ன சொல்ல? ஆண்டவா! ஒருநாள் வெந்நீர், ஒருநாள் பாயசம். ஆற்றி இழுக்கிறேன் என்று பாதியைத் தரையில் ஊற்றினாள். கடையில் எல்லோரும் குடித்தோம், ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. வங்காளதேசத்துத் தோட்டத் தொழிலாளர்களுக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது, அவர்களும் குடித்தார்கள்.

கட்டளை இதுதான். பாய் ஃபஸீஹாவைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் யாரும் எதையும் எடுத்து வரக் கூடாது. “முனியாண்டீ…” என்று பாய் ஆரம்பிப்பார். முனியாண்டி முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவுவார். “நிசா…” என்பார். உள்ளே சட்டி சத்தம்கூட நின்றுவிடும். பாய்க்கு ஒன்றும் புரியாது. தன் பாட்டு திடீரென்று யாருக்கும் கேட்காமல் போய்விட்டதா என்று திகைத்து, தன் காதைத் தானே தட்டிப் பார்ப்பார். பிறகு பெயர் வர வேண்டிய இடத்தில் “ம்ம்ம்ம்…” என்று ராகத்தை மட்டும் இழுப்பார். மேசைகளில் பசி. கடைசியில் யாராவது மனசு கேட்காமல் கைக்கு வந்ததை எடுத்து வைப்பார்கள். யாருக்கோ போக வேண்டிய மீ எனக்கு வந்தது, என் ரொட்டி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

பல நாள் இப்படிப் போனது. கல்யாணம் நெருங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கோயிலில் கூட்டாகத் துப்புரவு வேலை முடித்தவர்கள் மொத்தமாக வந்து கடையில் இறங்கினார்கள். எல்லா மேசையும் ஒரே நேரத்தில் கத்தியது. பாய் கண்ணை மூடி எடுத்தார். “ம்ம்ம்ம்… தே தாரேக் அம்பாட்…” யாரும் அசையவில்லை. மறுபடி எடுத்தார். அசையவில்லை. தூணில் ஓங்கி அடித்தார். முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது.

“பாவம்டா, விடுங்கடா” என்று நானே எழுந்துவிட்டேன். மேடையில் ஃபஸீஹா குவளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். “வாப்பா, நான் இங்கதான் நிக்கிறேன். என்னக் கூப்புடுங்க வாப்பா.”

பாய் மூன்றாம் தடவை எடுத்தார். “ஃப…” என்று வந்து நின்றது. “ஃபஸீ… ஃபஸீஹா… தே ஓ சாத்தூ!”

யாருமே தே ஓ கேட்டிருக்கவில்லை. பாய் நிறுத்தவும் இல்லை. “ஃபஸீஹா… தே ஓ சாத்தூ! ஃபஸீஹா… தே ஓ சாத்தூ!” பெயரை விட்டால் போய்விடும் என்ற பயமோ, சந்தோஷமோ, இரண்டுமோ. அவள் அழுதுகொண்டே கலக்கிக் கலக்கி வைத்தாள். கடைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் ஒரு தே ஓ. நான் என்னுடையதைக் குடித்தேன். அதில் அவள் உப்பைப் போட்டிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன், என் கண்ணிலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாம். எனக்கு வெட்கமில்லை.

பெயர் வந்துவிட்டது, வால் போகவில்லை. ஹைகல் சாயந்திரங்களில் டயர்க் கறை படிந்த சட்டையோடு வந்து எதிரில் உட்காருவார். பாய் அவர் கையைப் பிடித்து, உஸ்தாஸ் எழுதிக் கொடுத்த மலாய் வாசகத்தை, அக்கா மெட்டில் ஏற்றிக் கொடுத்தபடி, அழகாகப் பாடுவார். மகளின் பெயர், மாப்பிள்ளை தருகிற மஹர் தொகை, கடைசியில் ரொக்கமாக என்று பொருள்படும் ‘துனாய்’. அப்புறம் “சாத்தூ!” முனியாண்டி பழக்கதோஷத்தில் ஒரு தேநீரைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவார். “மாமா, ஒண்ணுதான் லா கட்டப்போறேன், பயப்படாதீங்க” என்று ஹைகல் சிரிப்பார். பாயும் சிரிப்பார். அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் வால் வந்தது. அதை வெட்டினால் பாட்டே செத்துவிடுமோ என்றும் அவருக்குப் பயம்.

நிக்காஹ்வைக் கடையிலேயே வைத்தார்கள். தூணுக்குத் திரும்பிய பிறகு அதை விட்டுப் பாய் பாடியதே கிடையாது என்பதால் வேறு வழியில்லை. மேசைகளை வெளியே தூக்கிப் போட்டு, தூணடியில் கம்பளம் விரித்தார்கள். சமையற்கட்டு வாசலில் திரை. அதற்குப் பின்னால் பெண்கள், நடுவில் ஃபஸீஹா. முனியாண்டி பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் பக்கத்தில் நின்றார். பாய்க்குப் புதுச் சாரம், புதுச் சட்டை. தோளில் துண்டு வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். அவர் கேட்கவில்லை. பழைய கடைத் துண்டையே போட்டுக்கொண்டு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஹைகல் அவருடைய வலது கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்துப் பிடித்துக்கொண்டார். உஸ்தாஸ் தலையசைத்தார். பாய் கண்ணை மூடினார். எடுத்தார்.

நான் எத்தனையோ முறை கேட்ட மெட்டுதான். அன்றைக்கு அது மவ்லூதாகவும் கேட்டது, மீன் கடையாகவும் கேட்டது. ஹைகலின் பெயர் வந்தது. மணமுடித்துத் தருகிறேன் வந்தது. பிறகு பெயர் வர வேண்டிய இடம். மெட்டு அங்கே கொஞ்சம் தயங்கியது. தாய்மாமா கழுத்தை நீட்டினார். “ஃபஸீஹா” என்றார் பாய், ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து வைத்ததுபோல் தெளிவாக. திரைக்குப் பின்னால் யாரோ விம்மியது கேட்டது. மஹர் வந்தது. “துனாய்…” என்று குரல் மேலே ஏறி நின்றது.

அது இறங்க வேண்டிய இடம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். முனியாண்டி என் முழங்கையை வலிக்கப் பிடித்தார். பாயின் உதடு அந்தச் சொல்லுக்காகக் கூடியது. இடது கை பாய்ந்து தோள் துண்டை இழுத்தது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் தளும்பியது. துண்டுக்குள்ளே எதுவோ முட்டி மோதுவது தெரிந்தது, வெளியே சத்தமில்லை. ஹைகல் மளமளவென்று ஏற்றுக்கொள்ளும் வாசகத்தைச் சொன்னார். உஸ்தாஸ் சாட்சிகளைப் பார்த்தார். “சா” என்றார்கள் இருவரும், செல்லும் என்று.

ஹைகல் அந்த வலது கையை மெதுவாக விட்டார். அது மடியில் விழும் என்று நினைத்தேன். விழவில்லை. வாயைப் பொத்திய துண்டு அப்படியே இருக்க, சொன்னபடி கேட்காத அந்தக் கை நடுங்கி நடுங்கி மேலே வந்து, சமையற்கட்டுத் திரையைப் பார்த்து, ஒரே ஒரு விரலை நிமிர்த்திக் காட்டியது.